ஸ்லட்ஜ் லாரிக்குச் சொல்வதற்கு முன்பு

கேள்வி: பல்க் டிரக் (மருந்து மூலப்பொருள்) தொழிற்சாலை ஒன்றில் ஆறு வருடமாக ஈடிபி, அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம், பார்த்துக்கொண்டிருக்கிறேன் சார். 200 கன மீட்டர் யுஏஎஸ்பி ரியாக்டர் (காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று மீத்தேன் கேஸ் தரும் தொட்டி). ஒரு நாளைக்கு 100 கன மீட்டர் கழிவுநீர், உள்ளே போகும் சிஓடி (கழிவின் அளவைக் காட்டும் எண்) லிட்டருக்கு சுமார் 8,000 மில்லிகிராம். வெளியே 2,000 வரும், கேஸ் தினமும் 300 கன மீட்டர் கிடைக்கும், பாய்லருக்குக் கொடுத்துவிடுவோம். மே முதல் வாரத்தில் கேஸ் குறைய ஆரம்பித்து, பத்தே நாளில் 110-க்கு வந்துவிட்டது. வெளியே சிஓடி 5,500. விஎஃப்ஏ (ஆவியாகும் கொழுப்பமிலம்) 200 இருந்தது 1,900 ஆகிவிட்டது. ஆல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் திறன்) 1,800, பிஹெச் 6.3. ஆனால் உள்ளே போகும் தண்ணீரில் மாற்றமே இல்லை: அதே சிஓடி, அதே டிடிஎஸ் (கரைந்த உப்பு), அதே பிஹெச். ஸ்லட்ஜ் (உள்ளே இருக்கும் நுண்ணுயிர்க் கசடு) செத்துவிட்டது, முழுவதையும் இறக்கிவிட்டு லாரியில் புது ஸ்லட்ஜ் கொண்டுவந்து போடலாம் என்கிறார் மேனேஜர். ஒரு சப்ளையர் பாக்டீரியா பவுடர் தருகிறேன் என்கிறார். ஷிஃப்டில் இருப்பவர்கள் சாணமும் வெல்லமும் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். எது சரி? இன்னொன்று, ஏப்ரல் கடைசியிலிருந்து இரண்டாவது பிளாக்கில் புது புராடக்ட் ஓடுகிறது. எம்டிசி (மெத்திலீன் டைகுளோரைடு), டொலுயீன், டிஎம்எஃப் (டைமெத்தில் ஃபார்மமைடு) ஆகிய சால்வென்ட்களை (கரைப்பான்களை) பயன்படுத்துகிறார்கள். ஆனால் சால்வென்ட் முழுவதையும் ரெக்கவர் செய்துவிடுவதாகப் புரொடக்‌ஷனில் சொல்கிறார்கள்.

பதில்:

தம்பி, முதலில் எழுத வேண்டியதைக் கடைசியில் "இன்னொன்று" என்று போட்டு எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் மட்டுமல்ல, எனக்கு வரும் ஈடிபி கடிதங்களில் பாதி இப்படித்தான் வருகின்றன. ரியாக்டரின் நோய் ரியாக்டருக்குள் இருக்கும் என்று நினைத்து அங்கேயே சுற்றிச் சுற்றி வருகிறோம், புரொடக்‌ஷன் பிளாக்கில் என்ன மாறியது என்பது நமக்கு சம்பந்தமில்லாத வேறு டிபார்ட்மென்ட் சமாச்சாரமாகத் தெரிகிறது. உங்கள் எண்களைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் எம்டிசி மேல்தான். நிரூபிக்க வேண்டும், எப்படி என்று சொல்கிறேன். அதுவரை ஸ்லட்ஜை ஒரு பக்கெட் கூட வெளியே எடுக்காதீர்கள்.

உங்களைக் குழப்பியிருப்பது சிஓடி. உள்ளே போகும் சிஓடி மாறவில்லை, அதனால் தண்ணீர் மாறவில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். சிஓடி என்பது ஒரு பொருள் எவ்வளவு ஆக்சிஜனை இழுக்கும் என்ற அளவு, அவ்வளவுதான். ஒரு கிராம் மெத்தனால் 1.5 கிராம் சிஓடி காட்டும், அசிட்டோன் 2.2, டொலுயீன் 3.1. எம்டிசியின் மூலக்கூறில் பெரும்பங்கு குளோரின், எரிவதற்கு அதில் என்ன இருக்கிறது? கணக்குப்படியே ஒரு கிராமுக்கு 0.38 தான் வரும். குளோரோஃபார்ம் இன்னும் மோசம், 0.13. போதாததற்கு எம்டிசி 40 டிகிரியில் கொதிக்கிற சரக்கு, சாம்பிள் கேனைத் திறந்து மூடுவதற்குள் பாதி பறந்திருக்கும். சரி, பறக்கவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 200 மில்லிகிராம் எம்டிசி வந்தாலும் உங்கள் 8,000-த்தில் அது கூட்டுவது வெறும் 76. உங்கள் லேப் டெஸ்டின் பிழையே அதைவிட அதிகமாக இருக்கும். ரியாக்டரைப் படுக்கவைக்கிற பொருள் எதுவோ, அதற்குத்தான் சிஓடி கண்ணை மூடிக்கொள்கிறது.

அடுத்து, "முழுவதையும் ரெக்கவர் செய்துவிடுகிறோம்". அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அவர்கள் கணக்கு வேறு, நம் கணக்கு வேறு. ஒரு நாளைக்கு 2,000 லிட்டர் எம்டிசி சுழலும் பிளாக்கில் 99.8 சதவீதம் ரெக்கவரி என்றால் யாராயிருந்தாலும் கைதட்டுவார்கள். மீதி 0.2 சதவீதம் 4 லிட்டர். எம்டிசி தண்ணீரைவிடக் கனம், 4 லிட்டர் ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. அதை உங்கள் 100 கன மீட்டரில் கலந்தால் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடும். எம்டிசியையே பார்த்திராத ஸ்லட்ஜுக்கு இந்த அளவே தலைசுற்ற வைக்கும். குளோரோஃபார்முக்கு இவ்வளவு கூட வேண்டாம், லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவிலேயே மீத்தேன் தடுமாற ஆரம்பித்துவிடும். உங்கள் ஓட்டத்துக்கு அது ஒரு நாளைக்கு 100 கிராம், ஒரு டீ கிளாஸ் கூட நிறையாது. "நாங்கள் குளோரோஃபார்மே வாங்குவதில்லை" என்பார்கள். எம்டிசியும் குளோரோஃபார்மும் ஒரே குளோரினேற்றத்தில் பிறக்கும் உடன்பிறப்புகள், விற்பனைக்கு வரும் எம்டிசியில் குளோரோஃபார்ம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வருவது உண்டு. சர்டிஃபிகேட்டை வாங்கிப் பாருங்கள். ஒரு வேடிக்கை சொல்கிறேன்: மனிதன் விழுங்குகிற மருந்தில் மிச்சமிருக்கலாம் என்று சர்வதேச வழிகாட்டு நெறி அனுமதிக்கும் குளோரோஃபார்ம் 60 பிபிஎம் (பத்து லட்சத்தில் 60 பங்கு), எம்டிசி 600 பிபிஎம். மாத்திரை தம்மாத்துண்டு, அதனால் அந்தக் கணக்கு. நம் ரியாக்டர் அதிலேயே 24 மணி நேரமும் குளித்துக்கொண்டிருக்கிறது.

ஏன் இந்தக் குளோரின் சாமான்களுக்கு மட்டும் இப்படி? மீத்தேன் என்பது ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன். அதில் மூன்று ஹைட்ரஜனை எடுத்துவிட்டுக் குளோரினை வைத்தால் குளோரோஃபார்ம், இரண்டை மாற்றினால் எம்டிசி. மீத்தேனைக் கட்டும் கடைசிக் கட்டத்தில் இந்த நுண்ணுயிர்கள் நிக்கலும் கோபால்ட்டும் உள்ள நொதிகளைப் பயன்படுத்துகின்றன. சாவி மாதிரியே இருக்கிற வேறு சாவி பூட்டுக்குள் போய் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும், அதுதான் அங்கே நடப்பது. ஆய்வுக்கூடங்களில் மீத்தேன் உற்பத்தியை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டுமென்றால் குளோரோஃபார்ம் விடுவது பழைய வழக்கம். மாடு ஏப்பம் விடும் மீத்தேனைக் குறைக்கத் தீவனத்தில் ஒரு சிவப்புக் கடற்பாசி கலக்கிறார்களே, அதில் வேலை செய்வது புரோமோஃபார்ம், இதே குடும்பம்தான். மாட்டின் வயிற்றில் நல்ல பேர் வாங்கிய வித்தை உங்கள் ரியாக்டரில் கேஸைக் குறைத்துவிட்டது.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. பிரிட்டனில் அறுபதுகளிலேயே நகரச் சாக்கடை டைஜெஸ்டர்கள் காரணம் தெரியாமல் படுத்துக்கொண்டபோது தேடிப் பிடித்தவற்றில் இந்தக் குளோரின் சால்வென்ட்களும் இருந்தன.

உங்கள் எண்களுக்கு வருவோம். விஎஃப்ஏ ஏறியிருப்பது அமிலம் உண்டாக்குகிற கூட்டம் நன்றாக வேலை செய்கிறது என்பதைக் காட்டுகிறது. அவற்றுக்கு எம்டிசி அவ்வளவாக உறைப்பதில்லை. அமிலத்தைத் தின்று மீத்தேன் தருகிற கூட்டம்தான் கை கழுவிவிட்டது. சமைக்கிறவர் சமைத்துக்கொண்டே இருக்கிறார், பந்தியில் சாப்பிட ஆளில்லை. 5,500 சிஓடியில் விஎஃப்ஏவின் பங்கு 2,000 சொச்சம், எப்போதும் மிச்சமிருக்கும் 2,000 போக, பாக்கி தின்னப்படாத மெத்தனால், ஐசோபுரோப்பனால் மாதிரி ஏதோ ஒன்று என்று கணிக்கிறேன், ஏனென்றால் அவற்றை உடைப்பதிலும் இதே மீத்தேன் கூட்டத்துக்குத்தான் பங்கு.

ஆல்கலினிட்டி 1,800 என்று தைரியமாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் உங்களை ஏமாற்றுகிறது. நாம் டைட்ரேட் செய்யும்போது விஎஃப்ஏவின் உப்புகளும் சேர்ந்து ஆல்கலினிட்டி கணக்கில் ஏறிவிடும். விஎஃப்ஏவை 0.71-ஆல் பெருக்கி 1,800-லிருந்து கழியுங்கள், 450 வரும். உங்கள் கையில் உண்மையாக இருக்கிற பைகார்பனேட் அந்த 450 மட்டும்தான், பிஹெச் 6.3 காட்டுவதும் அதனோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. விஎஃப்ஏவுக்கும் ஆல்கலினிட்டிக்கும் உள்ள விகிதம் 0.3-க்குள் இருக்கும்வரை நான் நிம்மதியாகத் தூங்குவேன், 0.5 தாண்டினால் ஃபீடைக் குறைப்பேன். உங்களுடையது 1-ஐத் தாண்டிவிட்டது. பத்து நாளாக ஃபீடைக் குறைக்காமல் ஓட்டினீர்களா? அப்படித்தான் என்றால் எம்டிசி ஆரம்பித்ததை அமிலம் முடித்துக்கொண்டிருக்கிறது.

சரி, எங்கிருந்து வருகிறது? மே மாதம் என்று நீங்கள் எழுதியதும் எனக்குக் கத்திரி வெயில்தான் ஞாபகம் வந்தது. எம்டிசி 40 டிகிரியில் கொதிக்கும், வாக்குவத்தில் அறை வெப்பத்திலேயே கொதிக்கும். நம் ஊர்க் கோடையில் கூலிங் டவர் தண்ணீரே 32, 33 இருக்கும். அந்தத் தண்ணீர் ஓடுகிற கண்டன்சரில் எம்டிசி ஆவி எப்படி நிற்கும்? ஜனவரியில் ஓடும் ரெக்கவரி செட் மேயில் ஓடாது, அதற்கு சில்ல்டு பிரைன், அதாவது நன்றாகக் குளிரவைத்த உப்புநீர், வேண்டும். கண்டன்சரில் நிற்காத ஆவி நேராக வாக்குவம் பம்புக்குப் போகிறது. தண்ணீரை வைத்தே வாக்குவம் உண்டாக்கும் வாட்டர் ரிங் பம்பாக இருந்தால் அந்தத் தண்ணீர் எம்டிசியைக் குடித்துக்கொள்ளும். எம்டிசி தண்ணீரில் லிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேலேயே கரையும் தம்பி, மேலே மிதக்கும், கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அந்தப் பம்ப் தண்ணீரை ஷிஃப்ட் முடிவில் "வெறும் தண்ணீர்தானே" என்று ஈடிபி லைனில் திறந்துவிடுவார்கள். நான் முதலில் சாம்பிள் எடுப்பது அந்த டேங்கில்தான்.

இரண்டாவது இடம் எம்இஇ (உப்புத் தண்ணீரைச் சுண்டவைக்கும் பல்கட்ட ஆவியாக்கி) கண்டன்சேட், அதாவது அதன் ஆவி குளிர்ந்து வரும் தண்ணீர். ஹை டிடிஎஸ் தண்ணீர், ஸ்டீம் விட்டு சால்வென்ட்டைப் பிரிக்கும் ஸ்ட்ரிப்பருக்குப் போய், பிறகு எம்இஇயில் சுண்டி, வருகிற கண்டன்சேட்டை லோ டிடிஎஸ் தண்ணீரோடு சேர்த்து யுஏஎஸ்பிக்கு விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், எல்லா பல்க் டிரக் யூனிட்டிலும் அதுதானே அமைப்பு. கண்டன்சேட் பார்க்கக் குடிதண்ணீர் மாதிரி பளிச்சென்று இருக்கும், டிடிஎஸ் நூறு இருநூறு காட்டும், அதனால் யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. ஸ்ட்ரிப்பருக்கு ஸ்டீம் பிரஷர் குறைந்த ஷிஃப்டில் சால்வென்ட் மேலே ஏறாமல் கீழே தங்கிவிடும், தங்கியது எம்இஇயில் முதல் ஆவியோடு கிளம்பி கண்டன்சேட்டில் உட்கார்ந்துகொள்ளும். உப்பை நிறுத்துவதற்கு வைத்த மெஷின் எம்டிசியை வடிகட்டித் தராது. ஸ்டீம் லாக் ஷீட்டை ஏப்ரல் கடைசியிலிருந்து எடுத்து, கேஸ் மீட்டர் ரீடிங்கோடு தேதிவாரியாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மூன்றாவது, பிளாக்கில் மருந்து தயாரிக்கும் ரியாக்டரைக் கழுவுவது. பல வருடம் முன்பு ஒரு யூனிட்டில் இதே மாதிரி நான்கு நாளுக்கு ஒருமுறை கேஸ் விழுந்துகொண்டிருந்தது. ஸ்ட்ரிப்பர், எம்இஇ, பம்ப் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. கடைசியில் நைட் ஷிஃப்டில் போய் உட்கார்ந்தேன். பேட்ச் மாறும்போது கிளாஸ் லைன்டு ரியாக்டரில் ஒட்டியிருந்ததைக் கரைக்க எம்டிசி ஊற்றி அலசிவிட்டு, டிரம்மில் பிடிக்க வேண்டியதைப் பக்கத்துப் பள்ளத்தில் திறந்துவிட்டார் ஒரு தம்பி. டிரம் நிறைந்துவிட்டதாம், புது டிரம்முக்கு இன்டென்ட் போட ஸ்டோர் காலையில்தான் திறக்குமாம். அவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது, ராத்திரிக்கு இரண்டு காலி டிரம் வைக்கச் சொன்னேன், கேஸ் விழுவது நின்றுவிட்டது. அதற்கு முன்பே அந்த யூனிட்டில் பழைய ஸ்லட்ஜை இறக்கி, வேறோர் ஆலையிலிருந்து லாரி லாரியாகப் புதுசு கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புது ஸ்லட்ஜும் மூன்று வாரத்தில் படுத்துவிட்டது, அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

சாம்பிள் எடுக்கும்போது பிளாஸ்டிக் கேன் வேண்டாம். சின்னக் கண்ணாடிக் குப்பி, உள்ளே ஒரு குமிழி கூட இல்லாமல் வழிய வழிய நிரப்பி மூடி, ஐஸில் வைத்துக் கொடுங்கள். எங்கே கொடுப்பது? வெளி லேபைத் தேடி அலைய வேண்டாம், உங்கள் கியூசியிலேயே (தரக்கட்டுப்பாட்டு லேப்) ஹெட்ஸ்பேஸ் ஜிசி (கேஸ் குரோமட்டோகிராஃப்) இருக்கும், மருந்தில் மிச்ச சால்வென்ட் பார்க்கிற அதே மெஷின். ஈடிபி தண்ணீரை மெஷினின் காலம் குழாயில் விட மாட்டோம் என்று முகம் சுளிப்பார்கள். ஹெட்ஸ்பேஸில் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் போவதே இல்லை, மேலே நிற்கும் ஆவிதான் போகும் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். ஒப்பவில்லையென்றால் மேனேஜரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், ஸ்லட்ஜ் லாரி வாடகையைவிட இது மலிவு. பம்ப் டேங்க், எம்இஇ கண்டன்சேட், ஈக்வலைசேஷன் டேங்க் (எல்லா லைன் தண்ணீரும் கலக்கும் தொட்டி), ரியாக்டர் இன்லெட், நான்கும் ஒரே நாளில், ஷிஃப்டுக்கு ஒன்று. சராசரி சாம்பிள் எடுத்துக் கலக்காதீர்கள், கொஞ்ச நேரம் வந்துவிட்டுப் போகிறவனைச் சராசரியில் பிடிக்க முடியாது. ஆமாம், ஈக்வலைசேஷன் டேங்கில் ப்ளோயர் ஓடுகிறதா, மிக்சர் மட்டுமா? கரண்ட் மிச்சம் என்று ப்ளோயரைச் சமீபத்தில் நிறுத்தியிருந்தால் அதையும் எழுதுங்கள். காற்று ஊதினால் எம்டிசி பறந்துவிடும், ரியாக்டர் தப்பிக்கும். சுற்றியிருக்கிற உங்கள் ஆட்கள் அதை மூச்சில் இழுப்பார்கள் என்பதால் ஊதச் சொல்லி நான் சிபாரிசு செய்யவில்லை, காரணம் தேடுவதற்காகக் கேட்கிறேன்.

இப்போது ஸ்லட்ஜ் செத்ததா இல்லையா. எண்பதுகளில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்பீஸும் அவரோடு இருந்தவர்களும் மீத்தேன் நுண்ணுயிர்களுக்குக் குளோரோஃபார்ம் உட்படப் பல நச்சுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். கேஸ் சுத்தமாக நின்றுபோன பிறகும், ஸ்லட்ஜை வெளியே விடாமல் காத்திருந்தால் பல சமயம் மறுபடி வேலையைத் தொடங்கியது. மயக்கத்துக்கும் சாவுக்கும் உள்ள வித்தியாசம் கேஸ் மீட்டரில் தெரியாது. ஒரு எளிய சோதனையில் தெரியும், பெர்ரி மெக்கார்ட்டியின் ஸ்டான்ஃபோர்டு குழு 1979-ல் எழுதிவைத்த பாட்டில் முறையின் நாட்டு வடிவம் அது.

மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றுகிற 500 மில்லி கண்ணாடி பாட்டில், ரப்பர் மூடியோடு, நான்கு வாங்குங்கள். ரியாக்டர் அடியிலிருந்து ஸ்லட்ஜ் எடுத்து, காற்று படாமல் சுத்தமான வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு முறை அலசி, ஒவ்வொன்றிலும் 100 மில்லி போடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கிராம் சோடியம் அசிடேட், நீரில்லாத வகை, கொஞ்சம் சோடா பைகார்ப். முதல் பாட்டிலை வெறும் தண்ணீரால் 400 மில்லி வரை நிரப்புங்கள். மற்ற மூன்றிலும் உங்கள் இன்லெட் தண்ணீர் மொத்த அளவில் 10, 25, 50 சதவீதம் இருக்கும்படி. மூடியில் டிரிப் செட் ஊசியைக் குத்தி, குழாயின் மறுமுனையை 3 சதவீதக் காஸ்டிக் கரைசல் நிரப்பிக் கவிழ்த்த பாட்டிலுக்குள் விடுங்கள். கார்பன் டை ஆக்சைடைக் காஸ்டிக் தின்றுவிடும், வெளியே தள்ளப்படும் தண்ணீரின் அளவு மீத்தேனின் அளவு. பாட்டில்கள் 35 டிகிரியில் இருக்கட்டும். ஒரு கிராம் அசிடேட் முழுவதும் மீத்தேனாக மாறினால் நம் ஊர் வெப்பத்தில் சுமார் 300 மில்லி வரும். முதல் பாட்டிலில் மூன்று நாளில் அதில் பாதி வந்தாலே உங்கள் ஸ்லட்ஜ் உயிரோடு இருக்கிறது என்று மேனேஜர் மேஜை மேல் கொண்டுபோய் வைக்கலாம். முதல் பாட்டில் ஓடி மற்ற மூன்றும் வரிசையாகத் தளர்ந்தால் குற்றவாளி தண்ணீரில் இருக்கிறது. இன்லெட்டுக்குப் பதில் பம்ப் டேங்க் தண்ணீரையும் கண்டன்சேட்டையும் தனித்தனியாகப் போட்டால் எந்த லைன் என்றும் தெரிந்துவிடும். இரண்டாயிரம் ரூபாய் கூட ஆகாது.

பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரியாக்டருக்கு முதலுதவி செய்யலாம், அதற்கு ரிசல்ட் தேவையில்லை. இன்றைக்கே ஃபீடை நிறுத்துங்கள். வருகிற தண்ணீரை இருக்கிற டேங்குகளில் தேக்குங்கள், இடம் இல்லையென்றால் இரண்டாவது பிளாக்கை நாலு நாள் நிறுத்தச் சொல்லுங்கள், கோபப்படுவார்கள், பரவாயில்லை. ராத்திரி மழைநீர்க் கால்வாயில் திறந்துவிடலாம் என்று எவராவது காதில் ஓதினால் கேட்காதீர்கள், மாட்டுவது கையெழுத்துப் போடுகிற நீங்கள்தான். ரியாக்டரில் ரீசர்குலேஷன் மட்டும் மெதுவாக ஓடட்டும். கேன்டீன், கழிவறைத் தண்ணீர் தனியாக இருந்தால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு நஞ்சை வெளியே தள்ளலாம், வெளியே வருவதைத் தேக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

பிஹெச்சை ஏற்ற சோடா பைகார்ப் போடுங்கள். பைகார்பனேட் ஆல்கலினிட்டியை லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் கூட்ட உங்கள் 200 கன மீட்டருக்கு சுமார் 335 கிலோ வேண்டும். ஒரே நாளில் கொட்டாமல் மூன்று நாளாகப் பிரித்துக் கரைத்து விடுங்கள். அதில் ஏறும் சோடியம் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்தான், பயப்பட வேண்டாம். சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் அது கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாகப் படியும், ஸ்லட்ஜ் மணிகளின் மேலேயே பூச்சு மாதிரி உட்கார்ந்துவிடும். காஸ்டிக்கைக் கையால் ஊற்றும் வேலையும் வேண்டாம், ஊற்றின இடத்தில் பிஹெச் 10-க்குப் போய்விடும்.

வெல்லம் கூடவே கூடாது. வெல்லம் அமிலக் கூட்டத்துக்கு விருந்து. ஏற்கெனவே அமிலம் மூச்சுமுட்ட நிற்கும் ரியாக்டரில் இன்னும் அமிலத்தைக் கூட்டுகிற வேலை அது. சாணத்தில் மீத்தேன் கூட்டம் இருக்கிறது, உண்மைதான், வீட்டுச் சாண எரிவாயுக் கலனுக்கு அது போதும். உங்கள் ரியாக்டரில் இருப்பது வருடக்கணக்கில் உருண்டு திரண்ட கெட்டி மணிகள், அந்த அடர்த்திக்கு முன்னால் நாலு டிராக்டர் சாணம் எம்மாத்திரம், நார் வந்து இன்லெட் குழாயை அடைப்பதுதான் மிச்சம். பவுடர் விஷயத்தில் ஒன்றுதான் கேட்பேன்: காற்று பட்டால் தாங்காத உயிரியைக் காகிதப் பையில் அடைத்து எப்படித் தருகிறீர்கள் என்று சப்ளையரிடம் கேளுங்கள், பதிலை எனக்கும் எழுதுங்கள். அசிடேட்டைத் தின்கிற முக்கிய இனம் இரட்டிப்பாக நாலைந்து நாளிலிருந்து ஒரு வாரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும், அதனால்தான் இருக்கிற ஸ்லட்ஜை விடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஒன்று செய்யலாம், தூள் ஆக்டிவேட்டட் கார்பன் கொஞ்சம் ரியாக்டருக்குள் விட்டால் டொலுயீனையும் குளோரின் சால்வென்ட்களையும் ஓரளவு பிடித்துக்கொள்ளும். டிஎம்எஃப்பை அது சட்டை செய்யாது.

விஎஃப்ஏ 500-க்குக் கீழே வந்து, பிஹெச் 6.8 தாண்டிய பிறகு பழைய லோடில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஆரம்பியுங்கள். எம்டிசி சம்பந்தமில்லாத பிளாக்கின் தண்ணீராகப் பார்த்து. மூன்று நாள் விஎஃப்ஏ ஏறாமல் நின்றால் கொஞ்சம் கூட்டுங்கள், ஏறினால் ஒரு படி இறங்குங்கள். பழைய 300 கன மீட்டர் கேஸ் வர மூன்று வாரமும் ஆகலாம், ஆறு வாரமும் ஆகலாம், மேனேஜரிடம் ஆறு என்றே சொல்லிவையுங்கள்.

மற்ற இரண்டு சால்வென்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டிஎம்எஃப் 153 டிகிரியில் கொதிப்பது, ஸ்ட்ரிப்பரில் ஏறாது, பெரும்பகுதி எம்இஇ கசடோடு போகும். யுஏஎஸ்பிக்கு வருகிற கொஞ்சம் டைமெத்தில் அமீனாகவும் ஃபார்மிக் அமிலமாகவும் உடையும். பழகிய ஸ்லட்ஜ் அதையும் மீத்தேனாக்கும், அம்மோனியாதான் மிஞ்சும், டிஎம்எஃப்பின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நைட்ரஜன் அல்லவா. டொலுயீன் தண்ணீரில் லிட்டருக்கு அரை கிராம்தான் கரையும், மிச்சம் மேலே மிதக்கும், ஈக்வலைசேஷனுக்கு முன்னால் ஒரு தடுப்புத் தொட்டி கட்டி வழித்தெடுத்துவிடலாம். அது நுண்ணுயிரின் சவ்வைக் கரைக்கிற சாமான், ஆனால் சில நூறு மில்லிகிராம் போனால்தான் உறைக்கும். எதிர்காலத்தில் எத்தில் அசிடேட் வந்தால் அது வேறு மாதிரித் தொந்தரவு: விஷமே இல்லை, நல்ல சாப்பாடு, ஆனால் ஒரே மூச்சில் எத்தனாலும் அசிட்டிக் அமிலமுமாக உடைந்து பிஹெச்சைக் கவிழ்த்துவிடும். டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) வந்தால் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் கிளம்பி ஊர்க்காரர்கள் கேட்டுக்கு வந்துவிடுவார்கள். டிஹெச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான்) பெரும்பாலும் தொடப்படாமலே கடந்துபோய் உங்கள் ஏரேஷன் டேங்கின் தலையில் விழும்.

எம்டிசிக்கு ஸ்லட்ஜைப் பழக்க முடியாதா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். முடியும். எம்டிசியை மட்டுமே தின்று வாழ்கிற காற்றில்லா நுண்ணுயிரையே தொண்ணூறுகளில் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஆனால் பழக்கம் என்பது தினமும் ஒரே அளவு, கொஞ்சமாக, மாதக்கணக்கில் வந்தால்தான். உங்கள் பிளாக் கேம்பெயின் முறையில் ஓடும் என்று நினைக்கிறேன், நாற்பது நாள் எம்டிசி, அடுத்த அறுபது நாள் வேறு புராடக்ட். பழகிய கூட்டம் அதற்குள் பட்டினியில் கரைந்துவிடும். நான் தொழில் ஆரம்பித்தது சேலம் பக்கம் சவ்வரிசி ஆலைகளில், மாவுச்சத்துத் தண்ணீர், என்ன தப்பு செய்தாலும் ரியாக்டர் மன்னித்துவிடும். பல்க் டிரக் அப்படியில்லை. அதனால் எம்டிசியை ரெக்கவரி செட்டிலேயே நிறுத்தச் சொல்லித்தான் பணம் கேளுங்கள்: சில்ல்டு பிரைன் கண்டன்சர், வாட்டர் ரிங்குக்குப் பதில் டிரை வாக்குவம் பம்ப். கம்பெனிக்கும் அந்த சால்வென்ட் திரும்பக் கிடைக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. எம்டிசி வந்த நாட்களின் கேஸ் பாய்லரில் எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். கொஞ்ச நாள் கேஸை வெளியே எரித்துவிடும் ஃபிளேருக்குத் திருப்பிவிட்டு, பர்னரையும் சிம்னி டக்டையும் திறந்து துரு பாருங்கள். அப்புறம், சாம்பிள் எடுக்கிறேன் என்று எவரையும் பள்ளத்துக்குள் இறக்காதீர்கள். எம்டிசி ஆவி காற்றைவிடக் கனம், கீழேயே தேங்கி நிற்கும், உடம்புக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறும். முகத்தில் கட்டுகிற துணியும் சாதாரண மாஸ்க்கும் எதற்கும் ஆகாது. கயிறு கட்டிய குப்பியை மேலிருந்து விட்டு எடுங்கள்.

முதல் பாட்டிலின் 24, 48, 72 மணி நேர ரீடிங், நான்கு இடத்து ஜிசி முடிவு, ஏப்ரல் 20-லிருந்து ஸ்டீம் லாக், கேஸ் லாக், இவ்வளவும் அனுப்புங்கள். முதல் பாட்டிலில் 72 மணி நேரத்துக்குப் பிறகும் 30 மில்லி கூட வரவில்லையென்றால் இன்னும் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். அப்போதும் வரவில்லையென்றால் லாரி எங்கிருந்து வரவழைக்கலாம், எவ்வளவு வேண்டும் என்று நானே கணக்குப் போட்டுத் தருகிறேன்.